தரம் குறைந்தால் தடைப்படுமா பல்கலைக்கழகப் படிப்பு? – ஒரு வரலாற்றுப் பார்வை



எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவரும் நாளில் பாச்சாங், செங், மாலிம் வட்டாரத்துப் பெற்றோர் ஆசிரியர்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “பிள்ளைக்கு இரண்டு பாடத்தில் தரம் குறைந்துவிட்டது, இனிப் பல்கலைக்கழகம் கிடைக்குமா?” என்பதே அது. இதற்கு ‘கிடைக்கும்’ என்றோ ‘கிடைக்காது’ என்றோ ஒரே சொல்லில் விடை கூறிவிட முடியாது. எந்தத் தேர்வில், எந்தப் பாடத்தில், எந்த வாயிலுக்கு முன்னால் தரம் குறைந்தது என்பதைப் பொறுத்தே விடை அமையும். அந்த வாயில்களோ எக்காலத்தும் ஒரே இடத்தில் நின்றவை அல்ல. நம் நாட்டில் கடந்த எழுபது ஆண்டுகளில் அவை பலமுறை இடம் மாற்றப்பட்டுள்ளன. ஒரு தலைமுறையை வீட்டுக்கு அனுப்பிய அதே தரம், அடுத்த தலைமுறைக்கு ஒரு பொருட்டாகவே இல்லாமற் போனதும் உண்டு. இவ்வரலாற்றை அறிந்துகொண்டால் இன்றைய அச்சங்களுள் எது மெய், எது வெறும் நிழல் என்பது விளங்கும்.

பன்னிரண்டு அகவையில் மூடிய கதவு

மலாயாப் பல்கலைக்கழகம் 1949ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் சிங்கப்பூரில் தோன்றியது. ஏழாம் எட்வர்டு மருத்துவக் கல்லூரியும் இராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து உருவான பல்கலைக்கழகம் அது. அதன் கோலாலம்பூர்ப் பிரிவு 1962ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. ஆனால், அக்காலத்தில் ஜாசின், அலோர் காஜா வட்டாரத்து இரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக நுழைவுத் தகுதி ஒரு சிக்கலாகவே இருந்ததில்லை. ஏனென்றால், அவர்களுட் பெரும்பாலோர் அந்த வாயிலைக் காணும் தொலைவிற்குக்கூட வந்து சேரவில்லை.

தொடக்கப்பள்ளியை முடித்த பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குச் செல்ல அன்று ஒரு நுழைவுத் தேர்வு இருந்தது. அதில் தேறாதவர்களுக்குப் பள்ளிப்படிப்பு பன்னிரண்டு, பதின்மூன்று அகவையிலேயே முடிந்தது. 1960ஆம் ஆண்டின் ரஹ்மான் தாலிப் அறிக்கையும் 1961ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் நாட்டின் கல்விமுறையை மாற்றியமைத்த பின்னரே இந்நிலை தளர்ந்தது. 1964ஆம் ஆண்டோடு அந்நுழைவுத் தேர்வு நீங்கியது. 1965 முதல் தொடக்கப்பள்ளி மாணவர் அனைவரும் மூன்றாம் படிவம் வரை தடையின்றிச் செல்லும் முறை வந்தது.

இங்கே ஓர் உண்மையைக் கவனியுங்கள். 1964இல் தேறாத பிள்ளைக்கும் அடுத்த ஆண்டுப் பிள்ளைக்கும் அறிவில் என்ன வேறுபாடு இருந்திருக்க முடியும்? ஒன்றுமில்லை. மாறியது விதி மட்டுமே. ஒருவருக்குப் பால்மரக் காடு. மற்றவருக்குப் படிவம் ஒன்று!

புகுமுக வகுப்பும் மூன்றாம் படிவமும்

நுழைவுத் தேர்வு நீங்கினாலும் தமிழ்ப்பள்ளி மாணவருக்கு இன்னொரு படி இருந்தது. அதுவே புகுமுக வகுப்பு. தமிழில் ஆறாண்டு பயின்ற பிள்ளை வேறு மொழியில் இடைநிலைக் கல்வியைத் தொடர வேண்டியிருந்ததால், அம்மொழியைப் பயில ஓராண்டு கூடுதலாகச் செலவிட வேண்டியிருந்தது. முதலில் ஆங்கிலத்திற்காகவும் பின்னர் மலாய்மொழிக்காகவும் இவ்வகுப்பு நடந்தது. தமிழ்வழித் தொடக்கப்பள்ளிகள் தேசிய மாதிரிப் பள்ளிகளாக நிலைபெற்ற போதிலும், தமிழ்வழி இடைநிலைப்பள்ளி என்று ஒன்று அமையவில்லை. ஆகவே, நம் பிள்ளைகளுக்குப் பதின்மூன்று அகவையில் பாடமும் மாறியது, பாடமொழியும் மாறியது.

அடுத்து வந்தது மூன்றாம் படிவத் தேர்வு. எல்.சி.இ. என்றும் பின்னர் எஸ்.ஆர்.பி. என்றும் அழைக்கப்பட்ட அத்தேர்வில் தேறினால்தான் நான்காம் படிவம். தேறியவருள்ளும் நல்ல தரம் பெற்றவர்க்கே அறிவியல் பிரிவு. ஒருவர் மருத்துவராகவோ பொறியாளராகவோ ஆக முடியுமா என்பது, உண்மையில் பதினைந்து அகவையிலேயே பெரிதும் முடிவாகிவிட்டது. 1993இல் பி.எம்.ஆர். வந்தபோதுதான், தேர்வு முடிவு எப்படி இருப்பினும் மாணவர் ஐந்தாம் படிவம் வரை பயிலலாம் என்றாயிற்று. பி.எம்.ஆர். தேர்வுக்குப் பதிலாக 2014இல் வந்த பி.டி.3 தேர்வும் 2022இல் நீக்கப்பட்டது. 1988இல் தொடங்கிய யூ.பி.எஸ்.ஆர். அதற்கு ஓராண்டுக்கு முன்பே, 2021இல் நீக்கப்பட்டது.

எனவே, “தரம் குறைந்ததால் பல்கலைக்கழகம் கிட்டவில்லை” என்று நம் மூத்தோர் கூறும்போது, அவர்கள் பல்கலைக்கழக வாயிலில் தடுக்கப்பட்டதை மட்டும் கூறவில்லை. பன்னிரண்டிலும் பதினைந்திலும் நின்றுபோன பயணத்தையும் சேர்த்தே கூறுகிறார்கள்.

ஒரு பாடம், முழுச் சான்றிதழ்

1970ஆம் ஆண்டில் ஆங்கிலப் பள்ளிகளின் முதலாம் ஆண்டு மலாய்மொழிக்கு மாறியது. அவ்வகுப்பு ஆண்டுக்கு ஒரு படியாக ஏறியது. 1976இல் படிவம் ஒன்று. 1980இல் படிவம் ஐந்து. 1982இல் ஆறாம் படிவ மேல்நிலை. 1983இல் பல்கலைக்கழக முதலாண்டு. இதே காலத்தில் கேம்பிரிட்ஜ் தேர்வுகளின் இடத்தை நாட்டின் சொந்தத் தேர்வுகள் பிடித்தன. 1980இல் மலேசியத் தேர்வு வாரியம் அமைந்தது. 1982இல் எச்.எஸ்.சி.க்கு மாற்றாக எஸ்.டி.பி.எம். வந்தது.

இம்மாற்றத்தின் விளைவாக ஒரு பாடம் மற்றெல்லாப் பாடங்களினும் உயர்ந்து நின்றது. எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழியில் தேறாதவருக்குச் சான்றிதழே இல்லை. 2013 முதல் வரலாற்றுப் பாடத்திற்கும் இவ்விதி பொருந்துகிறது. அரசாங்கப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்புக்கோ மலாய்மொழியில் வெறும் தேர்ச்சி போதாது, கிரெடிட் வேண்டும்.

எல்லாக் குறைந்த தரமும் ஒரே வகையானதன்று என்பது இதனால் புலப்படும். இயற்பியலில் ‘டி’ பெற்றவருக்குப் பொறியியல் கடினமாகலாம். ஆனால், கணக்கியலோ மொழியியலோ சட்டமோ பயிலும் வழி அடைபடுவதில்லை. மலாய்மொழியில் ‘டி’ பெற்றவருக்கோ, மற்றப் பாடங்களில் எத்தனை ‘ஏ’ இருந்தாலும், அரசாங்கப் பல்கலைக்கழக வாயில் அப்போதைக்குத் திறவாது. முன்னது வரிசையில் இடத்தைக் குறைக்கும் தரம். பின்னது வாயிலையே அடைக்கும் தரம். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாமல், ஒன்றுக்கு அழ வேண்டிய இடத்தில் மற்றொன்றுக்கு அழுதுகொண்டிருக்கிறோம்!

1971: தரத்தோடு வேறு அளவுகோல்களும்

1969ஆம் ஆண்டு மே மாத நிகழ்வுகளுக்குப் பின், மலாயாப் பல்கலைக்கழக மாணவர் நிலையை ஆராய அப்துல் மஜிட் இஸ்மாயில் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதன் அறிக்கை 1971இல் வந்தது. மாணவர் சேர்க்கை தேர்வு முடிவை மட்டும் சார்ந்திராமல், நாட்டின் இன அமைப்பையும் எதிரொலிக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. பின்னாளில் பூமிபுத்ராவினர் 55, மற்றவர் 45 என்ற விகிதம் பரவலாக அறியப்பட்டது. இதனால், ஒரே தேர்வில் ஒரே தரம் பெற்ற இருவருக்கு வெவ்வேறு முடிவுகள் வரலாயின.

இது நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. ஏறத்தாழ அதே காலத்தில் இலங்கையில் நடந்ததைத் தமிழர் எவரும் மறவார். 1971ஆம் ஆண்டுச் சேர்க்கையில் பேராதனைப் பொறியியலுக்குத் தமிழ்வழி மாணவர் நான்கு பாடங்களில் 250 புள்ளிகள் பெற வேண்டியிருந்தது. சிங்களவழி மாணவருக்கு 227 போதுமானது. மருத்துவத்திற்கு முறையே 250, 229. ‘தரப்படுத்தல்’ என்று பெயர் பெற்ற அம்முறையோடு 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. யாழ்ப்பாண மாணவர் பலருக்கு அது பேரிழப்பு. மறுபுறம், பின்தங்கிய மாவட்டங்களின் மாணவருக்கு, அவருட் தமிழரும் அடங்குவர், அதே மாவட்ட ஒதுக்கீடு ஒரு வாயிலைத் திறந்தது.

தமிழ்நாட்டிலும் அளவுகோல் மாறிக்கொண்டே வந்தது. தொழிற்கல்விக்கான பொது நுழைவுத் தேர்வு 2007இல் விலக்கப்பட்டு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும் என்றாயிற்று. 2017 முதல் மருத்துவத்திற்கு ‘நீட்’ தேர்வு கட்டாயமாகவே, பன்னிரண்டாம் வகுப்பின் உயர்ந்த மதிப்பெண்கூட இடத்தை உறுதி செய்யவில்லை. அதனால் அரசுப்பள்ளி மாணவர் பின்தங்கினர் எனக் கண்டு, 2020இல் அவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கப்பட்டது.

மூன்று நாடுகளும் கூறும் செய்தி ஒன்றே. மதிப்பெண் என்பது மாணவர் ஈட்டுவது. அதன் மதிப்போ பிறர் தீர்மானிப்பது.

இரு பாதைகள்

மீண்டும் மலாக்காவுக்கு வருவோம். இன்று எஸ்.பி.எம். முடித்தவர் பட்டப்படிப்புக்குச் செல்ல இரண்டு முதன்மைப் பாதைகள் உள்ளன. ஒன்று ஆறாம் படிவம். மூன்று பருவங்கள் கொண்ட எஸ்.டி.பி.எம். மற்றொன்று பெரும்பாலும் ஓராண்டில் முடியும் மெட்ரிகுலேஷன். நம் மாநிலத்தின் மெட்ரிகுலேஷன் கல்லூரி மஸ்ஜித் தானாவை அடுத்த லொண்டாங்கில் உள்ளது.

கல்வி அமைச்சின் மெட்ரிகுலேஷன் திட்டம் 1990ஆம் ஆண்டுகளின் இறுதியில் உருவானது. பல்கலைக்கழகச் சேர்க்கையில் இன விகித முறை நீங்கி, தகுதி முறை 2002இல் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மெட்ரிகுலேஷன் இடங்களில் 10 விழுக்காடு பூமிபுத்ரா அல்லாதவருக்குத் திறக்கப்பட்டது. இரு வேறு தேர்வுகள். இரு வேறு கால அளவுகள். ஆனால், தகுதிப் பட்டியலில் 4.00 என்பது இரண்டுக்கும் 4.00தான். இவ்விரண்டும் சமமா என்ற வாதம் அன்று தொடங்கியது, இன்றும் ஓயவில்லை.

2004ஆம் ஆண்டில் எஸ்.டி.பி.எம். தேர்வில் 4.00 பெற்ற 128 மாணவர்களுக்கு அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் மருத்துவ இடம் கிடைக்கவில்லை என்ற செய்தி நாட்டையே உலுக்கியது. அவர்கள் தரத்தில் குறை இல்லை. அதற்கு மேல் பெறுவதற்குப் புள்ளியே இல்லை! குறைந்த தரம் வாயிலை அடைக்கும் என்பது பாதி உண்மைதான். உயர்ந்த தரம் வாயிலைத் திறந்தே தீரும் என்பதும் பாதி உண்மைதான்.

அதன் பின்னர்ச் சில கதவுகள் திறந்தன. 2012இல் இந்திய மாணவருக்கான மெட்ரிகுலேஷன் இடங்கள் ஏறத்தாழ 1,500 ஆக உயர்த்தப்பட்டன. 2019இல் மொத்த இடங்கள் 25,000இலிருந்து 40,000 ஆயின. 90க்கு 10 என்ற விகிதம் மட்டும் மாறவில்லை. 2024ஆம் ஆண்டு சூன் இறுதியில், எஸ்.பி.எம். தேர்வில் 10 ‘ஏ’வும் அதற்கு மேலும் பெறும் மாணவர் எவ்வினத்தவராயினும் மெட்ரிகுலேஷன் இடம் பெறுவர் எனப் பிரதமர் அன்வார் இப்ராகிம் அறிவித்தார். மிகச் சிறந்த மாணவருக்கு இது நற்செய்தியே. ஆனால், ஏழு ‘ஏ’யும் இரண்டு ‘பி’யும் பெற்ற தோட்டத்துப் பிள்ளையின் நிலை என்ன? அவருக்கு ஆறாம் படிவமே உறுதியான பாதை. அப்பாதை கடினம் என்று அஞ்சி ஒதுங்குவதே நம்மவர் செய்யும் பெரும்பிழை.

தரத்தின் இடத்தில் பணம்

1996ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்விச் சட்டம் இன்னொரு வாயிலை அமைத்தது. மலாக்கா புக்கிட் பெருவாங்கில் மல்டிமீடியா பல்கலைக்கழக வளாகம் எழுந்தது. 1997இல் மலாக்கா மணிப்பால் மருத்துவக் கல்லூரி தோன்றியது. 2001இல் ம.இ.கா.வின் கல்விக்கரமான எம்.ஐ.இ.டி.யின் முயற்சியால் கெடாவில் ஏம்ஸ்ட் தொடங்கியது. 1997இல் வந்த பி.டி.பி.டி.என். கடனுதவி பலருக்குக் கைகொடுத்தது.

இதற்கு முன்பும் நம் சமூகத்தில் வசதி படைத்தோர் பிள்ளைகளை மணிப்பாலுக்கும் சென்னைக்கும் அனுப்பி மருத்துவராக்கினர். பால்மரம் வெட்டியோரால் அது இயலவில்லை. 1996க்குப் பின் அவ்வாயில் அகன்றது. எனினும் அதன் காவலன் தேர்வுத்தாள் மட்டுமல்லன், கட்டணச் சீட்டும்தான். குறைந்த தரம் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குச் செலவைக் கூட்டும். வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கோ வழியையே குறைக்கும். ஆகவே, ஏழை மாணவருக்கு எஸ்.பி.எம். தரம் மற்றவரைவிடக் கூடுதலாகவே முக்கியம். இதை மூடி மறைத்து, “தரம் ஒன்றும் பெரிதல்ல” என்று ஆறுதல் கூறுவது நேர்மையாகாது.

தமிழ்ப்பாடம் தரத்தைக் குறைக்குமா?

தமிழாசிரியர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் இன்னோர் அச்சமும் இதனோடு பிணைந்தது. எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியையும் தமிழ் இலக்கியத்தையும் எடுத்தால் ஒட்டுமொத்தத் தரம் குறையும் என்பதே அது.

2009இல் எஸ்.பி.எம். பாடங்களைப் பத்தாகக் கட்டுப்படுத்தும் முடிவு அறிவிக்கப்பட்டபோது, தமிழ் இலக்கியம் அழிந்துவிடுமோ என்று சமூகம் பொங்கி எழுந்தது. தமிழ் இயக்கங்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் ஒன்றுபட்டுக் குரல் எழுப்பினர். அவ்வாண்டிறுதியில் பத்தோடு இரண்டு பாடங்கள் கூடுதலாக எடுக்கலாம் என்ற இணக்கம் பிறந்தது. அன்று தெருவரை சென்று காத்த பாடத்தை, இன்று தரம் குறையும் என்று அஞ்சி நாமே கைவிடுவது முறையாகுமா?

மாணவர் விரும்பும் துறைக்கு உரிய பாடங்களுக்கே தகுதிக் கணக்கில் முதன்மையான எடை. பொறியியலுக்குச் செல்பவரின் கணிதத் தரத்தைத் தமிழ்த் தரம் கீழே இழுப்பதில்லை. மாறாக, எஸ்.டி.பி.எம். தேர்விலும் தமிழ் ஒரு பாடமாக உள்ளது. அதில் நல்ல தரம் பெற்று மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கும், தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திற்கும் சென்றவர் பலர். சிலருக்குத் தமிழே பல்கலைக்கழகத் திறவுகோல்!

இனிச் செய்ய வேண்டியவை

வரலாறு கற்பிக்கும் பாடத்தை இன்றைய நிலைக்குப் பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது, மலாய்மொழியில் கிரெடிட் பெறாதவர் வேறெதையும் எண்ணுமுன் அதைச் சரிசெய்ய வேண்டும். மலாய்மொழிக்கும் வரலாற்றுக்கும் மறுதேர்வு உண்டு. ஒரு தாள், சில மாத உழைப்பு. அதற்காக ஒரு வாழ்க்கைப் பாதையையே மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

இரண்டாவது, ஆறாம் படிவத்தைத் தாழ்வாகக் கருதாதீர். 2012 முதல் அது பருவ முறையில் நடைபெறுகிறது. ஒரு பருவத்தில் சறுக்கியவர் அத்தாளை மறுபடியும் எழுதித் தரத்தை உயர்த்திக்கொள்ள இடமுண்டு. ஒரே தேர்வில் எல்லாம் முடிந்துபோன பழைய எச்.எஸ்.சி. காலம் அன்று இது. பல்கலைக்கழகப் பொதுத் தகுதிக்கு 2.00 தர சராசரியே குறைந்த அளவு. துறைக்குத் துறை கூடுதல் நிபந்தனைகள் உண்டு. கேட்போர் மிகுந்த துறைகளுக்கு அதைவிடப் பன்மடங்கு உயர்ந்த தரம் தேவை. எனினும், எஸ்.பி.எம். தேர்வில் சற்றுக் குறைந்தவர் ஒன்றரை ஆண்டில் தம்மை நிலைநிறுத்திக்கொள்ளும் வாய்ப்பு அங்கே இருக்கிறது.

மூன்றாவது, புறப்பாட நடவடிக்கை. அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கையின் தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்விக்கு. 10 விழுக்காடு புறப்பாடத்திற்கு. ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு மாணவர் கல்வியில் 78 புள்ளியும் புறப்பாடத்தில் 6 புள்ளியும் பெற்றால் கூட்டு 84. இன்னொருவர் கல்வியில் 76.5, புறப்பாடத்தில் 9 பெற்றால் கூட்டு 85.5. பாடத்தில் பின்தங்கியவர் பட்டியலில் முந்துகிறார். “விளையாட்டும் சாரணியமும் படிப்பைக் கெடுக்கும்” என்று பிள்ளையைத் தடுக்கும் பெற்றோர் இக்கணக்கை நினைவில் கொள்ள வேண்டும்.

நான்காவது, சுற்றுவழி. பாலிடெக்னிக் டிப்ளோமாவுக்குச் சில கிரெடிட்டுகளே அடிப்படை. நல்ல டிப்ளோமாவைக் கொண்டு பட்டப்படிப்புக்குச் செல்லலாம். தொழில்நுட்பப் பட்டம் வழங்கும் மலாக்கா மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நம் டுரியான் துங்காலிலேயே உள்ளது. வேலைக்குச் சென்றுவிட்டவருக்கும், பணிப் பட்டறிவைத் தகுதியாக ஏற்கும் ‘ஏப்பல்’ முறை இருக்கிறது. 2000இல் தொடங்கிய மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவை வேலை செய்துகொண்டே பயில வழி தருகின்றன. இவ்வழி நீண்டது, ஆனால், ஊர் போய்ச் சேரும்.

நிறைவாக

தரம் குறைந்தால் வாய்ப்புக் குறையும், இதில் ஐயமில்லை. ஆயினும் எவ்வளவு குறையும், யாருக்குக் குறையும், மீண்டும் முயல இடம் உண்டா என்பனவற்றை விதிகளே முடிவு செய்கின்றன. 1964க்கு முன் பன்னிரண்டு அகவையில் தடுக்கப்பட்ட நம் பாட்டன் பாட்டியருக்கு மறுவாய்ப்பு இருந்ததில்லை. 1992 வரை மூன்றாம் படிவத்தில் தடுக்கப்பட்ட தாய் தந்தையருக்கும் வாய்ப்பு அரிது. இன்றைய பிள்ளைகளுக்கு வாயில்கள் பல. அவற்றுட் சில இன்னும் சமமாகத் திறக்கவில்லை என்பது உண்மை. சமமாகத் திறக்கக் கோருவது சமூகத்தின் கடமை. திறந்திருப்பவற்றை அறிந்து பிள்ளைகளுக்குக் காட்டுவது ஆசிரியர், பெற்றோர் கடமை. ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்கக் கூடாது.

ஆகவே, பெற்றோரே, தேர்வு முடிவுத் தாளைக் கையில் எடுக்கும்போது எத்தனை ‘ஏ’ என்று மட்டும் எண்ணாதீர்கள். எந்தத் தரம் எந்த வாயிலுக்கு உரியது என்று படித்துப் பாருங்கள். புரியாவிடின் அருகிலுள்ள பள்ளி ஆசிரியரைக் கேளுங்கள். விண்ணப்பத்தின் இறுதி நாளைக் குறித்து வையுங்கள். குறைந்த தரத்தோடு முயன்றவருக்கு ஏதேனும் ஒரு வாயில் திறக்கலாம்; விண்ணப்பமே செய்யாதவருக்கு எவ்வாயிலும் திறவாது.

சிந்திப்போம், செயற்படுவோம்.